கொம்பையாவின் மீட்டர் விளக்கு

வண்டி ஓட்டிக்கொண்டே வாயாடுகிறவன் கொம்பையா. பேசாமல் அவனால் கியர்கூட மாற்ற முடியாது என்று ஊரில் கேலி செய்வார்கள். புதூர்ப் பக்கத்து ஊர்களிலிருந்து திருப்பூருக்கும் சென்னைக்கும் பிழைக்கப் போகிறவர்களை, விடியுமுன் வருகிற ரயிலுக்குக் கோவில்பட்டி ஸ்டேஷனில் கொண்டுபோய் இறக்கிவிடுவது அவன் தொழில். கல்யாணமான பத்தாம் நாள் பெண்டாட்டியை விட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஏறுகிறவன்கூட, ஸ்டேஷனில் சிரித்துக்கொண்டுதான் இறங்குவான். அப்படி வாய் ஓயாத மனுஷன், கார்த்திகை பிறந்ததிலிருந்து ஸ்டியரிங்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு கம்மென்று உட்கார்ந்துவிட்டான். கேட்டதற்கு ஊம், ஆமாம். அதோடு சரி.

காரணத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். அவன் காரில் மீட்டர் விளக்கு மினுக்கியது.

வேகம் காட்டுகிற முள், டீசல் காட்டுகிற முள், மணி காட்டுகிற சின்னப் பெட்டி, எல்லாவற்றுக்கும் பின்னால் எரிகிற வெளிச்சம் இருக்கிறதே, அதுதான். ஊரைவிட்டுக் கிளம்பி இருட்டில் போய்க்கொண்டே இருக்கும்போது திடீரென்று மங்கும். சட்டென்று பளிச்சிடும். மறுபடி மங்கும். மெயின் ரோட்டில் ஏறிவிட்டால் ஒன்றும் இல்லாமல் நல்ல பிள்ளையாக எரியும். விளக்கு மினுக்கினால் எலக்ட்ரீசியனிடம் காட்ட வேண்டியதுதானே, இதற்கா வாயை மூடிக்கொண்டான் என்று நீங்கள் கேட்பீர்கள். காட்டினான். காட்டியதால்தான் வந்தது வினை.

கோவில்பட்டியில் சுடலைக்குமார் கடைக்கு வண்டியை விட்டபோது மணி பன்னிரண்டு. உச்சி வெயில். கடையில் வேறு நாலு வண்டி நின்றது. சுடலைக்குமார் கெட்டிக்காரன்தான், வயரைத் தொட்டே வியாதியைச் சொல்கிறவன். ஆனால் நாக்கு கொஞ்சம் நீளம். உள்ளே தலையை விட்டு ஸ்விட்சைப் போட்டுப் பார்த்தான். கையால் மீட்டரை மறைத்துக்கொண்டு பார்த்தான். பல்பு நன்றாக எரிந்தது. கடைத்தெருவில் ஒரு சுற்று ஓட்டிக்கொண்டும் வந்தான். எதுவும் மினுக்கவில்லை. இறங்கி, கையைத் துடைத்துக்கொண்டே சிரித்தான்.

"லைட்டு நல்லாத்தான் எரியுது அண்ணாச்சி. லூஸ் கனெக்‌ஷன் ஒங்க கண்ணுலதான்."

கடையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். கொம்பையாவும் சிரித்தான். சிரித்தபடியே வண்டியை எடுத்துக்கொண்டு வந்து, ஊர் எல்லைக்கு முன்னால் ஒரு வேலமரத்தடியில் நிறுத்திவிட்டு, அரை மணி நேரம் இறங்காமல் உள்ளேயே உட்கார்ந்திருந்தான்.

ஏனென்றால் அவனுக்கு எட்டு வருஷமாகச் சர்க்கரை. அவனுடைய அண்ணன் சண்முகராஜுக்கும் சர்க்கரைதான். அண்ணனுக்கு இப்போது இரண்டு கண்ணும் தெரியாது. ஐந்து வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் சாயங்காலம், சாப்பிட்டுக்கொண்டிருந்த அண்ணன் நிமிர்ந்து பார்த்து, லைட்டு மினுக்குதுடா தம்பி என்றான். லோ வோல்டேஜ் அண்ணே, நீ சாப்பிடு என்று பதில் சொன்னது வேறு யாரும் இல்லை, இதே கொம்பையாதான். அண்ணனும் அதை நம்பினான். மூன்று மாதம் எல்லாவற்றுக்கும் வோல்டேஜைத் திட்டிக்கொண்டே இருந்துவிட்டு, ஆஸ்பத்திரிக்குப் போனபோது காலம் கடந்துவிட்டது என்று கையை விரித்துவிட்டார்கள். அண்ணன் அதற்காகத் தம்பியை ஒரு வார்த்தை சொன்னது கிடையாது. சொல்லியிருந்தால் கொம்பையாவுக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

அதனால் மீட்டர் விளக்கு மினுக்கியபோது காரைச் சந்தேகப்பட அவனுக்குத் தோன்றவே இல்லை. அண்ணனுக்கு வந்தது எனக்கும் வந்துவிட்டது என்று முடிவு கட்டிவிட்டான். ஹெட்லைட் வெளிச்சம் ரோட்டில் அசையாமல்தானே விழுகிறது, கண் கெட்டிருந்தால் அதுவும் சேர்ந்து மினுக்க வேண்டாமா என்று ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் போதும். அந்த ஒரு நிமிஷத்தைத்தான் பயம் அவனுக்கு விடவில்லை.

வீட்டில் பரீட்சை வைத்துப் பார்த்தான். சுவரில் தொங்குகிற தினசரிக் காலண்டருக்கு முன்னால் நின்று, ஒரு கண்ணை மூடி நல்ல நேரம் படிப்பான். மறு கண்ணை மூடி ராகு காலம் படிப்பான். எழுத்து கலங்கினமாதிரியும் இருக்கும், கலங்காதமாதிரியும் இருக்கும். ராத்திரிச் சோற்றுக்கு உட்காரும்போது டியூப் லைட்டையே பார்ப்பான். மழைக்காலத்தில் அந்த ஊர் டியூப் லைட் என்றைக்கு ஒழுங்காக எரிந்தது? அதுவும் மினுக்கும். லைட்டு மினுக்குதா என்று பெண்டாட்டி வெயிலுகந்தம்மாளிடம் ஒரு நாள் கேட்டான். அவள் குழம்பை ஊற்றிக்கொண்டே, லோ வோல்டேஜ்தான், நீங்க சாப்பிடுங்க என்றாள். கொம்பையா சோற்றை அளைந்துகொண்டே இருந்தான். கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டான்.

வண்டியில் ஏறுகிறவர்களிடமும் தந்திரமாகக் கேட்டுப் பார்த்தான். முன்சீட்டில் உட்கார்ந்திருக்கிறவனிடம், மணி என்னன்னு அங்கன பாருங்க என்று மீட்டரைக் காட்டுவான். அவன் மீட்டரைப் பார்ப்பான், மினுக்கினால் சொல்லுவான் என்று ஒரு நப்பாசை. அவன் என்னடாவென்றால் பையிலிருந்து போனை எடுத்துப் பார்த்து மணி சொல்லுவான். ஒருத்தன் தவறாமல் எல்லாரும் இதையேதான் செய்தார்கள். நேராகக் கேட்கவும் வழியில்லை. டிரைவருக்குக் கண்ணில் கோளாறு என்று ஒரு வாய்க்குப் போனால் புதூர் வட்டாரம் பூராவும் போய்விடும். அப்புறம் அவன் வண்டியில் எவன் ஏறுவான்?

ஏறாமல் போனால்கூடப் பரவாயில்லை என்று சில நாள் நினைத்தான். பின்சீட்டில் ஊரான் பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு தூங்குகிறார்கள். கண் தெரியாதவனை நம்பித் தூங்குகிறார்களே என்று நினைத்துக்கொள்வான். வேகத்தைக் குறைத்தான். அரை மணி நேரம் முன்னதாகவே கிளம்பினான். அண்ணன் வீட்டுப் பக்கம் போவதையே விட்டுவிட்டான். கடைசியில், பொங்கல் வரைக்கும் ஓட்டுவது, தை பிறந்ததும் வண்டியை விற்றுவிடுவது, அதற்குப் பிறகு ஸ்டியரிங்கைத் தொடுவதில்லை என்று தனக்குத்தானே தீர்மானம் பண்ணிக்கொண்டான். ஆஸ்பத்திரிக்குப் போகலாமே என்கிறீர்களா? போனால் தெரிந்துவிடுமே. பொங்கல் வரைக்குமாவது தெரியாமல் இருக்கட்டும் என்றுதான் அந்த முட்டாள் போகாமல் இருந்தான்.

மார்கழி பிறந்து ஒரு வாரம் இருக்கும். அன்றைக்கு ஒரே ஒரு சவாரிதான், திருப்பூருக்குத் திரும்புகிற ஒரு பையன். நாலு மணிக்குக் கொம்பையா கிளம்பும்போது வெயிலுகந்தம்மாள் தலைக்குக் குளித்து, சேலை மாற்றி, சால்வையைப் போர்த்திக்கொண்டு காருக்குப் பக்கத்தில் நின்றாள். கோவில்பட்டியில் அவள் தங்கச்சி இருக்கிறாள், அவளைப் பார்க்க வருகிறேன் என்றாள். சவாரி வண்டியில் அவள் ஒரு நாளும் ஏறியதில்லை. கொம்பையாவுக்கு அது தோன்றாமல் இல்லை. ஆனால் இப்போதெல்லாம் அவனுக்கு எதையும் கேட்கிற தெம்பு இல்லை. முன்கதவைத் திறந்துவிட்டான். பையன் பின்னால் காதில் வயரைச் செருகிக்கொண்டு, ஜமுக்காளத்தை இழுத்து மூடித் தூங்கிப்போனான்.

கரிசலில் போட்ட ரோடு எப்படி இருக்கும் என்று அந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மழைக்கு மண் உப்பும், வெயிலுக்குச் சுருங்கும். மேலே எத்தனை தார் ஊற்றினாலும் ரோடு மேடும் பள்ளமுமாக அலை அலையாகக் கிடக்கும். வண்டி ஒரு பக்கமாக ஏறி மறுபக்கமாக இறங்கும். ஊரிலிருந்து மெயின் ரோடு வரைக்கும் ஆறேழு கிலோமீட்டர் இந்தக் கதைதான். இரண்டு பக்கமும் உளுந்தும் பருத்தியும் இருட்டில் நின்றன. கொம்பையா மீட்டரைப் பார்க்கக் கூடாது என்று ரோட்டையே பார்த்துக்கொண்டு ஓட்டினான்.

இரண்டாவது மேட்டில் வெயிலுகந்தம்மாள் சொன்னாள்:

"இது என்ன, இந்த லைட்டு இப்படி மினுக்கிக்கிட்டே கெடக்கு? ஒங்களுக்குக் கண்ணு கூசலையா?"

கொம்பையா பிரேக்கை மிதித்த மிதியில் பின்னால் இருந்த பையன் சீட்டில் முட்டிக்கொண்டான். முட்டியும் அவன் விழிக்கவில்லை, அது வேறு கதை. எந்த லைட்டு என்று கொம்பையா கேட்டான். அவள் விரலை நீட்டி மீட்டரைக் காட்டினாள். வண்டி நின்றுவிட்டதால் அது இப்போது ஒன்றும் தெரியாததுபோல எரிந்துகொண்டிருந்தது.

அவனால் அதை உடனே நம்ப முடியவில்லை. நம்பிவிட்டு அப்புறம் இல்லை என்று ஆகிவிட்டால் அதைத் தாங்க அவனிடம் தெம்பு இல்லை. இவள் நமக்காகச் சொல்லுகிறாளோ, யாரும் ஏதும் சொல்லியிருப்பார்களோ என்றெல்லாம் ஓடியது. அவள் பக்கம் திரும்பினான்.

"ஏட்டி, நான் வண்டிய எடுக்குதேன். நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். அது மினுக்கும்போதெல்லாம் நீ 'இப்ப'ன்னு சொல்லு. மினுக்காம சொல்லிராத."

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். ஏன் என்று கேட்கவில்லை. சால்வையை இழுத்துச் செருகிக்கொண்டு, மீட்டரைப் பார்த்தபடி முன்னால் குனிந்தாள்.

வண்டி மெல்ல நகர்ந்தது. அடுத்த மேடு வந்தது. மீட்டர் மங்கியது.

"இப்ப" என்றாள்.

பளிச்சிட்டு மறுபடி மங்கியது. இப்ப. பள்ளத்தில் இறங்கும்போது இரண்டு தடவை அடுத்தடுத்து. இப்ப, இப்ப. கொம்பையா தன் கண்ணுக்கு மங்கும்போதெல்லாம் ஸ்டியரிங்கில் ஆள்காட்டி விரலால் ஒரு தட்டுத் தட்டினான். அவன் தட்டும் அவள் சொல்லும் ஒன்றாக விழுந்தன. சமதரையில் கொஞ்ச தூரம் அவள் எதுவும் சொல்லவில்லை, அவனும் தட்டவில்லை. பிறகு ஒரு பெரிய மேடு. தட்டு, இப்ப. தட்டு, இப்ப. ஒன்றுகூடத் தப்பவில்லை. பத்து, பதினைந்து தடவை ஆகியிருக்கும். அப்புறம் கொம்பையா வண்டியை ஓரம் கட்டி நிறுத்தினான். ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்து அழுதான். ஐம்பத்துநாலு வயசு ஆம்பளை, தோள் குலுங்க, விம்மி விம்மி அழுதான்.

வெயிலுகந்தம்மாள் அவன் முதுகில் கையை வைத்தாள். வைத்த கையை எடுக்காமல் இருந்தாள். இப்போது பார்த்துத்தானா அந்தப் பையனுக்கு விழிப்புத் தட்ட வேண்டும்? ஜமுக்காளத்துக்குள்ளிருந்து தலையை நீட்டி, அண்ணாச்சி ரயிலு போயிரும் என்றான்.

போகவில்லை. அவன் ரயிலுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது ஸ்டேஷனில் இறங்கி ஓடினான். அவன் போன பிறகு, ஸ்டேஷனுக்கு வெளியே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, கொம்பையா பெண்டாட்டியிடம் எல்லாவற்றையும் சொன்னான். சுடலைக்குமார் சொன்னதை, தினமும் வைத்துப் பார்க்கிற பரீட்சையை, தை பிறந்ததும் வண்டியை விற்க இருந்ததை. அவள் டீயைக் குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டாள். கேட்டு முடித்ததும் அவளுக்குக் கோபம் வந்தது பாருங்கள், பக்கத்து பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து தள்ளிப் போய்விட்டார்கள். கட்டினவள் ஒருத்தி வீட்டில் எதற்கு இருக்கிறாள், சோறு பொங்கிப் போடவா, ஒரு மாதத்துக்கு மேலாக ஒருத்தனாக வைத்துப் புழுங்கினீர்களே என்று பொரிந்து தள்ளினாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"நீங்க ஒத்தக் கண்ண மூடிக்கிட்டுக் காலண்டரப் பாக்கீய. நெதம் பாக்கீய. அத நான் பாக்க மாட்டேனா? தங்கச்சியப் பாக்கவா இந்தக் குளிருல வந்தேன்? நீங்க எப்படி ஓட்டுதீயன்னு பாக்கத்தான் வந்தேன்."

கொம்பையா அவள் கையிலிருந்த டம்ளரைப் பார்த்தான். டீ ஆறிவிட்டது என்று மட்டும் சொன்னான். அவள் இன்னொரு டீ வாங்கி அவன் கையில் கொடுத்தாள். சர்க்கரை போடாத டீ.

ஒன்பது மணிக்குச் சுடலைக்குமார் கடை திறந்தான். கொம்பையா பேசுவதற்குள் வெயிலுகந்தம்மாளே முன்னால் போய் நின்றுகொண்டாள். மினுக்குகிறது, நான் என் கண்ணால் பார்த்தேன் என்றாள். அதோடு விடவில்லை. நீங்கள் சொன்ன ஒரு வார்த்தைக்கு இந்த மனுஷன் பட்ட பாடு இது என்று சண்முகராஜ் கதையையும் சேர்த்துச் சொன்னாள். சுடலைக்குமாருக்கு முகம் விழுந்துவிட்டது. விளையாட்டாகச் சொன்னேன் அண்ணாச்சி, அண்ணன் விஷயம் சத்தியமாகத் தெரியாது என்றான். மற்ற வண்டிக்காரர்களைச் சாயங்காலம் வரச் சொல்லி அனுப்பிவிட்டு, கொம்பையாவின் காரை உள்ளே விடச் சொன்னான்.

எங்கே மினுக்குகிறது, எப்போது மினுக்குகிறது என்று இந்தத் தடவை பொறுமையாகக் கேட்டான். அலை ரோட்டில் மட்டும்தான், மெயின் ரோட்டில் இல்லை என்றதும் அவன் கண் சுருங்கியது. ஹெட்லைட் எப்படி என்றான். அது அசையாமல் எரிகிறது என்று கொம்பையா சொன்னான். அப்படியானால் பேட்டரியில் குற்றமில்லை, மீட்டருக்குப் போகிற வழியில்தான் எங்கேயோ விட்டு விட்டுப் பிடிக்கிறது, வண்டி முறுக்கிக்கொள்ளும்போது மட்டும் விடுகிறது என்று சுடலைக்குமார் தனக்குள்ளே சொல்லிக்கொண்டான். அந்த ரோட்டை இங்கே தூக்கிக்கொண்டு வர முடியாது. அதற்குப் பதிலாக ஜாக்கியை எடுத்து, முன்பக்கம் ஒரு சக்கரத்தை மட்டும் தரையைவிட்டுத் தூக்கினான். கார் மேட்டில் ஏறினதுபோல ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது.

அடுத்த தொல்லை வெளிச்சம். பகலில் மீட்டர் விளக்கு எரிவதே தெரியாது. வெயிலுகந்தம்மாள்தான் வழி கண்டுபிடித்தாள். பின்சீட்டு ஜமுக்காளத்தை எடுத்துத் தன் தலையையும் டேஷ்போர்டையும் சேர்த்து மூடிக்கொண்டு டிரைவர் சீட்டில் உட்கார்ந்துவிட்டாள். வெளியே பார்க்கிறவர்களுக்கு ஏதோ ஆவி பிடிக்கிற மாதிரி இருந்தது. சுடலைக்குமார் காருக்கு அடியிலும் அவள் காலடியிலும் மல்லாந்து படுத்துக்கொண்டு வயர் வயராகப் பிடித்து அசைத்தான். பியூஸ் பெட்டியை அசைத்தான். ஜமுக்காளத்துக்குள் சத்தம் இல்லை. விளக்கு ஸ்விட்சை அசைத்தான். இல்லை. மீட்டருக்குப் பின்னால் இருக்கிற பிளக்கை அசைத்தான். இல்லை. கொம்பையா பக்கத்தில் நின்றுகொண்டு, எது வந்தாலும் சரி, சீக்கிரம் வந்து தொலையட்டும் என்று வேட்டி நுனியை முறுக்கிக்கொண்டிருந்தான். கதவோரம், டிரைவர் கால் வைக்கிற இடத்துக்கு மேலே இருந்த பிளாஸ்டிக் மூடியைக் கழற்றி, அங்கே பாடியோடு முடுக்கியிருந்த கறுப்பு வயரைச் சுடலைக்குமார் தொட்டதுதான் தாமதம்.

"இப்ப!"

மறுபடி தொட்டான். இப்ப. விட்டான், சத்தம் இல்லை. தொட்டான், இப்ப.

அது எர்த் வயர். மீட்டருக்குப் போகிற கரண்டு திரும்பி வருகிற வழி அதுதான் என்று சுடலைக்குமார் சொன்னான். அதன் முனையில் வளையம் மாதிரி ஒரு தகடு, அதற்குள் ஒரு போல்ட், போல்ட் காரின் இரும்போடு முடுக்கியிருந்தது. ஸ்பேனரைப் போட்டான். போல்ட் இறுக்கமாகத்தான் இருந்தது. இறுக்கமாக இருக்கிறதே, அப்புறம் ஏன் என்று முணுமுணுத்துக்கொண்டே கழற்றினான். கழற்றின வளையத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து திருப்பித் திருப்பிப் பார்த்தான். வளையத்தின் இரண்டு பக்கமும், போல்ட்டின் மரையிலும், காரின் இரும்பிலும், காய்ந்து ஓடு ஓடாக மஞ்சளாய் ஏதோ ஒட்டியிருந்தது. நடுவில் கொஞ்சம் சிவப்பு. நகத்தால் சுரண்டி மூக்கில் வைத்துப் பார்த்தான்.

"அண்ணாச்சி, இது சந்தனம்லா?"

வெயிலுகந்தம்மாள் ஜமுக்காளத்தை விலக்கிக்கொண்டு எட்டிப் பார்த்தாள். பார்த்ததும் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கொம்பையாவுக்கு அப்போதுதான் எல்லாம் ஞாபகத்துக்கு வந்தது. ஆயுத பூஜைக்கு முந்தின நாள் அவன் காரைக் கழுவுவது வருஷா வருஷம் நடக்கிற கூத்து. சீட்டைக் கழற்றுவான், கால்மிதியைக் கழற்றுவான், மூடிகளைக் கழற்றுவான், உள்ளே போய் அப்பியிருக்கிற கரிசல் புழுதியை எல்லாம் துணியால் துடைத்து எடுப்பான். இந்த வருஷம் அந்த எர்த் போல்ட்டில் துரு ஏறியிருந்ததைப் பார்த்துவிட்டு, அதையும் கழற்றி, வளையத்தையும் அடியில் இருந்த இரும்பையும் உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து, முடுக்காமல் அப்படியே விட்டுவைத்தான். மறுநாள் காலையில் குளிக்கப் போனான். அந்த நேரத்தில் வெயிலுகந்தம்மாள் சந்தனக் கிண்ணத்தையும் குங்குமத்தையும் எடுத்துக்கொண்டு வந்தாள். பொட்டு வைப்பதில் அவளுக்கு ஓரவஞ்சனை கிடையாது. சாக்கில் பரப்பிக் கிடந்த ஸ்பேனர், ஜாக்கி, ஸ்டெப்னி, கழற்றின போல்ட், நட்டு ஒன்று விடாமல் வைத்தாள். கதவோரம் குனிந்து பார்த்தால், பெயின்ட் போன இடத்தில் காரின் இரும்பு மொட்டையாகப் பளபளத்தது. அது மட்டும் வெறும் நெற்றியாக இருக்கிறதே என்று அவளுக்கு மனசு கேட்கவில்லை. அதற்கும் ஒரு பொட்டு, தொங்கின வளையத்துக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு பொட்டு.

நான் வைத்த பொட்டாலா இவ்வளவும் என்று வெயிலுகந்தம்மாள் கேட்டாள். கேட்கும்போதே அவள் கண் நிறைந்துவிட்டது. அவர் ராத்திரி ராத்திரி தூங்காமல் கிடந்தாரே, சோற்றை அளைந்துவிட்டு எழுந்தாரே, எல்லாம் என் கையாலேயா என்று சீட்டிலேயே குறுகிப்போனாள்.

கொம்பையா அவள் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தான்.

"ஒன் மேல தப்பு இல்லட்டி. நான் குளிச்சிட்டு வந்து முடுக்கும்போது அந்தச் சந்தனத்தப் பாத்தேன். தொடைச்சிட்டு முடுக்கணும்னு எனக்குத் தெரியும். நீ வச்சத அழிக்க மனசு வரல. அப்படியே வச்சு முடுக்கிட்டேன்."

சுடலைக்குமார் எங்கேயோ பார்த்துக்கொண்டு தொண்டையைச் செருமினான். ஈரமாக இருந்தவரைக்கும் சந்தனம் கரண்டை விட்டிருக்கும், ஐப்பசி கழிந்து காய்ந்து கட்டியான பிறகுதான் தகராறு பண்ணியிருக்கிறது, வண்டி குலுங்கும்போது ஒரு சமயம் தொடும், ஒரு சமயம் தொடாது, கார்த்திகையில் தொடங்கினது சரிதான் என்று விவரம் சொன்னான். உப்புத்தாளை எடுத்து வளையத்தையும் மரையையும் இரும்பையும் சுத்தமாகத் தேய்த்தான். துடைத்து இறுக்கி முடுக்கினான். வெயிலுகந்தம்மாள் மறுபடி ஜமுக்காளத்துக்குள் போனாள். அவன் வயரை இழுத்தான், ஆட்டினான், தட்டினான். ஜாக்கியை இறக்கி வேறு சக்கரத்தில் வைத்துத் தூக்கினான். உள்ளே இருந்து சத்தமே இல்லை. அவள் வெளியே வந்தபோது தலைமுடி எல்லாம் கலைந்து, வேர்த்து வழிந்தது. கடையின் சாமி படத்துக்கு முன்னால் இருந்த கிண்ணத்திலிருந்து ஒரு விரல் சந்தனம் எடுத்துக்கொண்டு வந்தாள். சுடலைக்குமாரைப் பார்த்து, மேலே வைக்கலாமா என்று கேட்டாள். முடுக்கின பிறகு போல்ட்டின் தலையில் எவ்வளவு வேண்டுமானாலும் வையுங்கள் அக்கா என்றான். வைத்தாள்.

வண்டியில் ஏறினதும், ஊருக்கா என்று கொம்பையா கேட்டான். வெயிலுகந்தம்மாள் இல்லை என்று தலையை ஆட்டினாள். கண்ணாஸ்பத்திரிக்கு விடச் சொன்னாள். கோளாறு காரில்தான் என்று தெரிந்துவிட்டதே, இன்னும் எதற்கு என்று அவன் இழுத்தான். எட்டு வருஷச் சர்க்கரையை வைத்துக்கொண்டு இன்னும் எதற்கு என்றா கேட்கிறீர்கள் என்று அவள் ஒரு பார்வை பார்த்தாள். கொம்பையா வண்டியைத் திருப்பினான். நேற்று வரைக்கும் அந்தத் தெருப் பக்கமே தலை வைக்காதவன், அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நேராகப் போய் வாசலில் நிறுத்தினான்.

அங்கே கூட்டம். சீட்டு வாங்கி, எழுத்துப் பலகை படித்து, காத்துக் கிடந்து, கண்ணில் மருந்து விட்டு, மறுபடி காத்துக் கிடந்து, டாக்டரம்மா பார்க்கும்போது நாலு மணியாகிவிட்டது. வெளிச்சத்தை உள்ளே அடித்து, மேலே பார், கீழே பார் என்று வெகுநேரம் பார்த்தார். வெயிலுகந்தம்மாள் முந்தானையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண்ணுக்குப் பின்னால் இரத்தக் கசிவு எதுவும் இல்லை, சர்க்கரை இன்னும் கண்ணைத் தொடவில்லை என்று டாக்டரம்மா சொன்னார். கிட்டத்தில் எழுத்துப் படிப்பதற்கு மட்டும் கண்ணாடி போட்டுக்கொள்ளச் சொன்னார். வருஷத்துக்கு ஒரு தடவை வந்து காட்டாமல் இருந்தால் மட்டும் நான் திட்டுவேன் என்றார். காலண்டர் எழுத்து கலங்கினது அதுதானா என்று கொம்பையா தனக்குள் சிரித்துக்கொண்டான். வெளியே வந்து, சுவரோரம் திரும்பி நின்று வெயிலுகந்தம்மாள் ஒரு பாட்டம் அழுதாள். காலையில் அவனுடைய முறை, சாயங்காலம் அவளுடைய முறை.

அப்புறம் பார்த்தால், கண்ணில் மருந்து விட்டிருப்பதால் ராத்திரி வரைக்கும் வண்டி ஓட்டக் கூடாது என்று நர்ஸ் சொல்லிவிட்டாள். சொல்லாவிட்டாலும் அவனால் முடியாது. எதிரே வருகிற ஆள் எல்லாம் புகைமூட்டமாகத் தெரிந்தது. சுடலைக்குமாருக்குப் போன் போட்டார்கள். அவன் அந்த வாய்க்கு ஏதாவது பரிகாரம் பண்ண வேண்டும் என்று காலையிலிருந்தே தவித்துக்கொண்டிருந்தவன். கடையைச் சாத்திவிட்டு ஓடி வந்தான். புதூரில் தன் தங்கச்சி வீட்டில் படுத்துவிட்டுக் காலையில் பஸ்ஸில் திரும்பிக்கொள்கிறேன் என்று ஸ்டியரிங்கில் உட்கார்ந்தான். கொம்பையாவும் வெயிலுகந்தம்மாளும் பின்சீட்டில் ஏறினார்கள்.

சொந்த வண்டியில் பின்சீட்டில் உட்காருவது கொம்பையாவுக்கு அதுதான் முதல் தடவை. மெயின் ரோட்டைவிட்டு இறங்கும்போது பொழுது அடைந்துவிட்டது. சுடலைக்குமார் விளக்கைப் போட்டான். கொம்பையாவுக்கு ரோடும் தெரியவில்லை, மீட்டரும் தெரியவில்லை. முன்னால் ஏதோ ஒரு வெளிச்சம் பஞ்சு மாதிரி பரந்து தெரிந்தது, அவ்வளவுதான். வண்டி ஒரு பக்கமாக ஏறி மறுபக்கமாக இறங்கியது. அலை ரோடு வந்துவிட்டது என்று அவனுக்கு உடம்பு சொல்லியது. மீட்டரைப் பற்றி ஒரு மாதத்துக்கு மேலாக யாரிடமும் நேராகக் கேட்காத கேள்வியை அவன் கேட்டான்.

"ஏட்டி, மினுக்குதா?"

வெயிலுகந்தம்மாள் இரண்டு சீட்டுக்கும் நடுவில் தலையை நீட்டிப் பார்த்தாள். அந்த மேடு ஏறி முடிகிறவரைக்கும் பார்த்தாள். பள்ளத்தில் இறங்கி முடிகிறவரைக்கும் பார்த்தாள்.

"இல்ல. நின்னு எரியுது."

கொம்பையா தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டான். நாளைக்கு அண்ணனைப் பார்த்துவிட்டு வர வேண்டும், நீயும் வா என்றான். சரி என்றாள். அடுத்த மேட்டில் வண்டி ஏறியது. அவன் கேட்கவில்லை. அவளாகவே எட்டிப் பார்த்து, இல்லை என்றாள். அதற்கு அடுத்த மேட்டிலும் இல்லை என்றாள். ஊர் வரைக்கும் ஒவ்வொரு மேட்டுக்கும் அவள் சொல்லிக்கொண்டே வந்தாள். பாதி வழியிலேயே கொம்பையா, அவன் வண்டியில் ஏறுகிற பையன்களைப்போல, வாயைப் பிளந்துகொண்டு தூங்கிப்போயிருந்தான்.